மொட்டை மாடியில் ஒரு நாற்றங்கால்

எனக்குச் சிங்கப்பூர் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நெல். வெளியில் கேட்பவர்களிடம் 'படிப்பு பத்தவில்லை' என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது கௌரவமான காரணம். உண்மையில் படிப்பு இருந்தது. அந்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒரு வரி விடாமல் செய்ததால்தான் அவ்வளவு வினையும் வந்தது.

முதலில் என் பயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வறுமை, குடும்பக் கஷ்டம் என்றெல்லாம் நினைத்து இரக்கப்பட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் அரசுப் பரீட்சை, அதில் நம்பரைத் தப்பாக எழுதினால் பேப்பரே செல்லாது என்று யாரோ சொன்னார்கள். நான் கட்டாயம் தப்பாகத்தான் எழுதுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருஷம் முன்னதாகவே பயந்து நின்றுவிட்டேன். அப்பா தச்சர். "சரிடா ஆரோக்கியம், உளியப் பிடி" என்றார். உளி காலில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் பிடிக்கவில்லை. (இன்றைக்கும் எங்கள் வீட்டில் மாம்பழம் நறுக்குவது என் மனைவிதான்.) கடைசியில் மன்னார்குடியில் ஒரு சிமென்ட் கடையில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது. என் குணத்துக்குப் பொருத்தமான வேலை. ஒரு லோடை மூன்று தடவை எண்ணுவேன். மூன்றும் ஒன்றாக வந்தால் எங்கோ தப்பு செய்கிறோம் என்று சந்தேகப்பட்டு நாலாவது தடவை எண்ணுவேன்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் பக்கத்தில் தெருவுக்குப் பத்துப் பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். அவர்கள் அனுப்பியதெல்லாம் செங்கல்லாக மாறிக்கொண்டிருந்தது. கீற்றுக் கொட்டகை நின்ற இடத்தில் ரோஸ் கலர் மாடி வீடு எழுந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பார், கட்டுகிறவர்கள் இங்கே இருப்பார்கள், நடுவில் நின்று பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நடுவில் போய் நிற்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. (எனக்கு வந்த முதல் ஆசை. வந்தவுடன் பயந்துவிட்டேன்.)

தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், சனிக்கிழமை தோறும், கட்டுமான மேலாண்மை என்று ஒரு வருஷப் படிப்பு நடந்தது. 'பள்ளிச் சான்றிதழ் அவசியமில்லை' என்று போர்டில் எழுதியிருந்தது. அந்த வரியை எனக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று சேர்ந்துவிட்டேன். வகுப்பில் ஆறு பேர். எடுத்தவர் ரிட்டயர்டான ஓவர்சியர் ஒருவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டு முழுக்க அவர் சொல்லிக்கொடுத்ததில் இரண்டு விஷயங்கள் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கின.

ஒன்று, பார் சார்ட். ஒரு வீட்டு வேலை முழுவதையும் வரிசையாக எழுதி, எது என்றைக்கு ஆரம்பித்து என்றைக்கு முடிய வேண்டும் என்று கட்டம் போட்டு, கோடு இழுத்துவிடுவது. அதில் சில வேலைகள் பிந்தினால் வீடே பிந்தும். அந்த வேலைகளைச் சிவப்பு மையில் போட வேண்டும், அந்த வழிக்குக் கிரிட்டிகல் பாத் என்று பெயர் என்றார். கவலைப்படுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இத்தனை வருஷம் மனசுக்குள் படுத்திய கவலைகளை எல்லாம் ஒரு தாளில் சிவப்புக் கோடாகவே போடலாம்.

இரண்டாவது, கியூரிங். "கான்கிரீட் போட்டா மட்டும் போதாது. மேல வரப்பு கட்டி தண்ணிய நிறுத்தணும். ஏழு நாள் கட்டாயம். பதினாலு நாள் நல்லது. இருபத்தோரு நாள் ரொம்ப நல்லது" என்றார் ஓவர்சியர் சார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வரியில், 'இருபத்தெட்டு நாள் இன்னும் நல்லதாக இருக்கும்' என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது முருகையன் அண்ணன். மன்னார்குடிக்கு ஆறு மைல் தள்ளி ஓர் ஊர். (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.) சிங்கப்பூரில் கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசர். லீவில் வந்தவர் தன் வீட்டுக்குச் சிமென்ட் எடுக்கக் கடைக்கு வந்தார். நான் மூட்டைகளை நாலாவது தடவை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யோவ், இந்த மாதிரி ஆளுதான்யா எங்க கம்பெனிக்கு வேணும்" என்றார். விசாரித்தார். படிக்கிறேன் என்றேன். அவர் அங்கேயே தீர்மானித்துவிட்டார்.

"இந்தா பாரு ஆரோக்கியம், நான் அஸ்திவாரத்தப் போட்டுட்டுக் கிளம்புறேன். ஆவணியில முதல் முகூர்த்தத்துல பால் காய்ச்சணும். அந்தத் தேதிக்கு வீட்ட முடிச்சுக் குடு. எங்க கம்பெனியில சூப்பர்வைசர் வேலைக்கு உன் பேர நான் சொல்றேன். தேதி தவறுச்சுன்னா வேலையும் தவறிச்சு. சரியா?"

சரி என்றேன். சொன்ன நிமிஷத்திலிருந்து தூக்கம் போய்விட்டது. அம்மா அன்றைக்கே எங்கள் கோயில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் எடுத்தேன். பெட்டி வாங்கினோம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் என்னை நடுவில் உட்கார வைத்து வழியனுப்பும் போட்டோவைக்கூட முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். பங்குச் சாமியார் பூசையில் 'அயல்நாடு செல்லவிருக்கும் நம் சகோதரர்' என்று மன்றாட்டில் சேர்த்துவிட்டார். இதற்கு மேல் ஒருவன் எப்படிப் போகாமல் இருப்பது? போகாவிட்டால் அவமானம், போனால் விமானம். எனக்கு இரண்டும் பயம்.

மேஸ்திரி கலியபெருமாள் என்னைப் பார்த்த முதல் நாளே 'சூப்பர்வைசர் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். மரியாதை இல்லை, கிண்டல். நாற்பது வீடு கட்டியவர். ஒரு கோடுகூடக் காகிதத்தில் போட்டதில்லை. என் பார் சார்ட்டைச் சுவரில் ஒட்டியபோது கிட்ட வந்து பார்த்தார்.

"இது என்ன சார், ஜாதகமா?"

"வேலைத் திட்டம் மேஸ்திரி."

"அப்படியா. சிவப்புல இருக்கறது தோஷம் போலன்னு நெனச்சேன்."

வைகாசி கடைசியில் கூரை கான்கிரீட் போட்டோம். சார்ட்டில் போட்ட தேதிக்கே போட்டோம். எனக்கே ஆச்சரியம். மறுநாள் காலையில் மாடி ஓரமெல்லாம் வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் நிறுத்தினோம். வரப்புக்கு வயல் களிமண். வெயில் கொளுத்தியதால் தண்ணீருக்கு மேல் வைக்கோல் பரப்பினோம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். கீழே வீட்டுக்கென்று போட்ட போர்வெல்லில் மோட்டார் இருந்தது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி, ஸ்கேலை வைத்துத் தண்ணீரின் ஆழத்தை அளந்து நோட்டில் எழுதினேன். ஒரு விரல் குறைந்தாலும் மோட்டாரைப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் கலியபெருமாள் மேலேயிருந்து கூப்பிட்டார்.

"சூப்பர்வைசர் சார், கொஞ்சம் மேல வாங்க. மாடி மொளச்சிருக்கு."

ஏறிப் பார்த்தேன். வரப்பு ஓரத்திலும் வைக்கோலுக்கு நடுவிலும் ஊசி ஊசியாகப் பச்சை. அந்த வைக்கோலைச் சரியாக அடிக்கவில்லை. அதில் ஒட்டியிருந்த நெல்லெல்லாம் வேளாவேளைக்கு நான் கொடுத்த தண்ணீரைக் குடித்து முளைத்துவிட்டது.

கோயில் கோபுரத்தில் அரச மரம் முளைத்துச் சுவரைப் பிளந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நோட்டை எடுத்து 'வேர் – கான்கிரீட் – விரிசல்?' என்று எழுதி மூன்று தடவை அடிக்கோடு இட்டேன். மறுநாள் ஆட்கள் வருவதற்கு முன்பே போய், யாருக்கும் தெரியாமல் பிடுங்கிவிடலாம் என்று குந்தி உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடிதான் பிடுங்கியிருப்பேன். ஏணியில் ஒரு தலை தெரிந்தது.

முருகையன் அண்ணனின் மனைவி செல்வராணி அக்கா. அண்ணன் சிங்கப்பூரில் இருக்க, நிலத்தை முழுக்கப் பார்த்துக்கொண்டது அக்காதான். ஊரில் ஆம்பிளைகளே வயல் விஷயத்தில் அவரிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்குவார்கள்.

"கையில என்ன தம்பி?"

"புல்லுக்கா."

"காட்டுங்க."

காட்டினேன். அக்கா அதை வாங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதா புல்லு? இந்த வருஷம் ஆத்துல தண்ணி வரும் வரும்னு நம்பி நாத்து விட்டேன். வயல்ல எல்லாம் வைக்கலாக் காஞ்சு கெடக்கு. இந்த ஊர்ல பச்சையா இருக்கறது கோயில் குளத்துப் பாசியும் இந்த மாடியும்தான். இதப் போயி பிடுங்குறீங்களே, கை வருதா ஒங்களுக்கு?"

"மாடியில வளரக் கூடாதுக்கா. வேர் எறங்கி கான்கிரீட்டு வெடிச்சுடும்."

"நெல்லு வேரு எறங்கி வெடிக்கும்னா அது என்ன கான்கிரீட்டு? நீங்க போட்டதா, உப்புமாவா?"

(நான் நோட்டைப் புரட்டினேன். உப்புமா எங்கள் பாடத்தில் வரவில்லை.)

"புது வீட்டுல தானா மொளச்ச பயிரு. இதப் பிடுங்கிப் போட்டா குடும்பத்துக்கு ஆகாது. தண்ணிய வடிச்சுக் காய விட்டாலும் ஆகாது. கெடக்கட்டும். வயசு வந்ததும் பறிச்சு வயல்ல நட்டுக்கறேன். பறிச்சு நட்டா ஒரு குத்தமும் இல்ல."

"எத்தன நாள்க்கா?"

"இருவத்தஞ்சு நாள். நீங்கதான் இருவத்தெட்டு நாள் தண்ணி நிக்கணும்னு மேஸ்திரிகிட்ட சண்ட போட்டீங்களாம்ல?"

நான் எழுதிவைத்த நோட்டே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் பிந்தும். சமாளித்துவிடலாம். ஆனாலும் பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்குப் போய் மாதாவிடம் எப்படியாவது தேதிக்கு முடித்துக் கொடுத்துவிடு என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். போகும்போது அக்காவிடம், "தண்ணி மட்டும் வத்தக் கூடாதுக்கா, நான் வர ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை வந்து ஏணி ஏறினேன். மாடியைக் காணவில்லை.

மாடி இருந்தது. கான்கிரீட்டைத்தான் காணவில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு விரற்கடை சேறு. பலகை போட்டு இழுத்த மாதிரி மட்டமாக இருந்தது. சேற்றின் மேல் மணி மணியாக விதை நெல். அதன் மேல் சீராக வைக்கோல். நடுவில் நடந்து போக ஒரு வாய்க்கால்கூட விட்டிருந்தார்கள்.

"அக்கா," என்றேன்.

"ஆமா தம்பி. தண்ணி வத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. சும்மா நிக்கிற தண்ணிதானே. கீழ விட்டா ஆடு மேயும், கோழி கெளறும். மேல யாரு வரப் போறா? அதான் மறுவெத வெதச்சு விட்டேன். மொளச்சு ஒரு இருவத்தஞ்சு நாளு. அதுக்குள்ள மேட்டூருல தெறந்துடுவான்."

மேஸ்திரி பக்கத்தில் நின்று மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டம் பார்த்து இழுத்துக் கொடுத்தது அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

இங்கேதான் என் புத்தி இன்னொரு கெடுதல் செய்தது. கூரைக்கு அடியில் சென்ட்ரிங் பலகையும், அதைத் தாங்கச் சவுக்கு முட்டுகளும் காடு மாதிரி நின்றன. முட்டுகளைப் பிரித்தால்தான் உள்ளே பூச்சு வேலை, தரை வேலை, எல்லாம். 'இருபத்தோரு நாள் ஆச்சு, பிரிச்சுடலாம்' என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு வரவில்லை. மேலே தண்ணீர், சேறு, நாற்று, அதோடு நாற்று பறிக்கப் பெண்கள் ஏறுவார்கள். அத்தனை பாரத்தையும் கணக்குப் போடாமல் எப்படிப் பிரிப்பது? தண்ணீருக்குக் கணக்குப் போட்டேன். சேற்றுக்குப் போட்டேன். மிச்சம் இருந்தது பெண்கள். நோட்டோடு போய், டீ போட்டுக்கொண்டிருந்த சித்தாள் மாரியம்மாவிடம் மிகுந்த மரியாதையோடு, "உங்க எடை எவ்வளவுங்க இருக்கும்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் டீயில் மட்டும் சர்க்கரை இல்லை.

"நாத்து எறங்குற வரைக்கும் முட்ட எடுக்க வேணாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டேன்.

"சூப்பர்வைசர் சார், அதுக்குள்ள உள்ள ஒரு வேலையும் நடக்காது. ஆவணி வந்துடும்."

"வீடு விழுந்தா?"

"இது விழாது. ஒங்க தேதிதான் விழும்."

அப்படியே ஆயிற்று. ஆனால் நான் திட்டமில்லாமல் பிந்தவில்லை. சார்ட்டைப் புதிதாக வரைந்தேன். ஒழுங்காக, படித்தபடி. சனிக்கிழமை அதை ஓவர்சியர் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"இது என்னப்பா, பதினோராவது வரிசை? நாற்று பறிப்பு?"

"ஆமா சார்."

"வீட்டு வேலைதானே இது?"

"வீட்டு வேலைதான் சார். நாத்து பறிச்சாத்தான் தண்ணிய வடிக்க முடியும். தண்ணி வடிஞ்சாத்தான் சென்ட்ரிங் பிரிக்க முடியும். அது பிரிஞ்சாத்தான் பூச்சு."

"அப்ப இது கிரிட்டிகல் பாத்துல வருதுன்னு சொல்ற."

"சிவப்புல போட்டிருக்கேன் சார்."

அவர் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் கடைசி வரைக்கும் தொட்டுக்கொண்டே போனார். பிறகு சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டார். "கோடெல்லாம் சரியாத்தான் இழுத்திருக்க" என்றார்.

நாற்று நன்றாக வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரும்பச்சையில், அடர்த்தியாக, காற்றடித்தால் அலை அலையாக. சாயங்காலம் ஆனால் ஊர்க்காரர்கள் எதிரில் இருந்த பள்ளிக்கூட மதில் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். கொக்கு வர ஆரம்பித்தது. ஒரு நாள் தவளையும் கத்தியது. ஏணி வழியாக வந்ததா, வைக்கோலில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதையும் நோட்டில் எழுதினேன். (தவளை – 1. எடை தெரியவில்லை.)

ஆடி நடுவில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பறிப்பு என்று அக்கா நாள் குறித்தார். முருகையன் அண்ணன் சனிக்கிழமை வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். வீட்டு விஷயத்தை அக்கா அவருக்கு எழுதவில்லை. 'வரட்டும், பாத்துக்கட்டும்' என்றுவிட்டார். நானும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? என் திட்டம் இதுதான்: வெள்ளிக்கிழமை காலையில் பறிப்பு, மதியம் தண்ணீரை மெதுவாகப் பின்பக்கம் வடிப்பது, சாயங்காலம் கழுவி விடுவது. சனிக்கிழமை அண்ணன் வரும்போது மாடி வெறும் மாடியாக இருக்கும். பூச்சு ஏன் ஆகவில்லை என்று கேட்டால் மயங்கி விழுந்துவிடுவது.

வெள்ளிக்கிழமை காலை எட்டுப் பேர் மாடியில் குந்தி உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்ததை அலசி, முடி முடியாகக் கட்டி, முன்பக்க ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். பாதிதான் முடிந்திருந்தது. தெரு முனையில் அம்பாசிடர் கார் ஹாரன் கேட்டது.

முருகையன் அண்ணன் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. தோளில் வீடியோ கேமரா. சிங்கப்பூரில் புதிதாக வாங்கியது. தான் கட்டிய வீட்டைத் தான் முதல்முதலாகப் பார்ப்பதைப் படம் எடுத்து, கம்பெனியில் எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. காரை விட்டு இறங்கும்போதே கேமராவை ஓட விட்டுக்கொண்டு, படம் பார்ப்பவர்களுக்குச் சொல்வது போல் பேசிக்கொண்டே வந்தார்.

"இதுதான் நம்ம தெரு. இதோ, இதுதான் நம்ம வீடு. நம்ம ஆரோக்கியம் பொறுப்பா நின்னு கட்டுனது."

அந்த ஒரு நிமிஷத்தில் நான் சும்மா இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். சும்மா இருப்பது எனக்கு எப்போதும் வராது. அவர் மேலே வருவதற்குள் தண்ணீரையாவது ஒழித்துவிட்டால் பாதி தப்பு மறைந்துவிடும் என்று தோன்றியது. பின்பக்க வரப்பை உடைக்க வேண்டும் என்பது திட்டத்தில் இருந்தது. பதற்றத்தில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியவில்லை. ஓடிப்போய்க் கிட்டத்தில் இருந்த வரப்பைக் காலால் ஓங்கி உதைத்தேன்.

ஒன்றரை மாதத் தண்ணீர். ஒரே மடை. முன்பக்கச் சன்ஷேடு மேல் விழுந்து, அங்கிருந்து வாசலில் இறங்கியது. தண்ணீர் மட்டும் போனால் பரவாயில்லை. சேறு போனது. ஊறிய வைக்கோல் போனது. ஓரத்தில் அடுக்கியிருந்த நாற்று முடிகளில் ஏழெட்டு போயின. எல்லாம், 'பொறுப்பா நின்னு கட்டுனது' என்று சொல்லி வாய் மூடாத முருகையன் அண்ணன் மேல்.

அண்ணனைப் பாராட்டத்தான் வேண்டும். சூப்பர்வைசர் அல்லவா, சாமானைத்தான் முதலில் காப்பாற்றினார். கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதனால் அதற்குப் பிறகு படத்தில் தெரிவது வானம், மாடி விளிம்பு, எட்டிப் பார்க்கும் என் முகம். என் முகம் வெளிறிப்போய் இருக்கிறது. வாய் திறக்கிறது. அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்கலாம், ஓடி ஒளியலாம், மாதாவைக் கூப்பிடலாம். நான் சொன்னது படத்தில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

"வாங்கண்ணே. பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

கீழேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. வேறு எதையும் கேட்கவில்லை. எத்தனை வருஷப் பழக்கம்.

"ஹெல்மெட் இல்லாம யாரு இத்தன பேர மேல ஏத்துனது?"

அக்கா மாடி விளிம்புக்கு வந்தார். புருஷனைப் பார்த்தார். பல மாசம் கழித்துப் பார்க்கிறார்.

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. மேல விழுந்த முடியெல்லாம் பொறுக்கி ஓரமா வைங்க. மிதிச்சுடாதீங்க, நாத்து நசுங்கிடும்."

அவர் பொறுக்கினார். அந்த வெள்ளை ஷூவோடு, ஒவ்வொன்றாக. டிரைவரும் கூடச் சேர்ந்து பொறுக்கினார். நான் இறங்கவில்லை. பகல் சாப்பாடு வரைக்கும் மாடியிலேயே இருந்தேன். பிறகு கலியபெருமாள் ஏணியில் ஏறி வந்து, "சூப்பர்வைசர் சார், எறங்குங்க. அவரு கோபமா இல்ல. சிரிச்சுக்கிட்டு இருக்காரு. அதுதான் கொஞ்சம் பயமா இருக்கு" என்றார்.

அண்ணன் குளித்துவிட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் முட்டுக் காட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பூசாத சுவரைப் பார்த்திருந்தார். என் சார்ட்டையும் படித்திருந்தார், பதினோராவது வரிசை உட்பட.

"ஆரோக்கியம், நீ நல்ல பையன். ஆனா நீ சிங்கப்பூர் வந்தா அந்த ஊரு தாங்காதுப்பா. சின்ன ஊரு" என்றார். அவ்வளவுதான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள், பூசாத சுவருக்கு நடுவில். அண்ணன் லீவு முடிந்து போகும்போது, கம்பெனியில் இருந்த ஓர் இடத்துக்குக் கலியபெருமாள் மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். சார்ட் போடத் தெரியாத மேஸ்திரி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தது நான்தான். நான் வாங்கி வைத்திருந்த பெட்டியும் அவரோடுதான் போனது. சும்மா கிடக்கிறதே என்று அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார். மன்றாட்டில் இருந்து என் பெயரை எடுக்கச் சாமியாருக்கு மறந்துபோய், இன்னும் ஆறு மாசம் நான் அயல்நாடு சென்றுகொண்டே இருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த மாடி அத்தனை நாள் தண்ணீரைத் தாங்கியும் கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அடுத்த மழையிலும் ஒழுகவில்லை. ஊரில் புதிதாகக் கட்டிய வீடுகளில் பாதி மழைக்கு ஒழுகும். "நாத்து விட்டாரே, அவரையே கூப்பிடுங்க" என்று ஆட்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்படியே இங்கேயே நின்றுவிட்டேன். மன்னார்குடியைச் சுற்றி நான் நின்று கட்டிய வீடுகள் நிறைய. கான்கிரீட் போட்ட மறுநாள், வீட்டுக்கார அம்மா யாராவது ஒருவர் முந்தானையில் ஒரு பிடி நெல் எடுத்துக்கொண்டு வந்து, நான் பார்க்காத நேரம் தண்ணீரில் தூவிவிட்டுப் போவார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

என் கல்யாணத்துக்கு முருகையன் அண்ணன் கொடுத்த பரிசு ஒரு வீடியோ கேசட். உறவினர் யார் வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் காப்பி, அப்புறம் அது. பிறகு அது சிடி ஆனது. இப்போது எல்லார் போனிலும் இருக்கிறது. யாராவது நனைந்துகொண்டு வீட்டுக்குள் வந்தால் போதும், பிள்ளைகள் ஒரே குரலில் "வாங்கண்ணே, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்பார்கள்.

என் மகளைப் பெண் பார்க்கத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கும், நான் எவ்வளவோ தடுத்தும், என் மைத்துனன் அதைப் போட்டுவிட்டான். பையனின் அப்பா விவசாயி. அதிகம் பேசாதவர். எல்லாரும் சிரிக்க, அவர் மட்டும் சிரிக்காமல், மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். சம்பந்தம் போச்சு என்று என் மனைவி என் கையைக் கிள்ளினாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாத்து அருமையா வந்திருக்குதுங்க. அந்த வருஷம் கண்டுமுதல் எப்படி இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கும் தெரியாது. அங்கேயே செல்வராணி அக்காவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு வெளச்சல் அந்தத் துண்டுல அதுக்கு முந்தியும் கண்டதில்ல, பிந்தியும் கண்டதில்ல" என்றார் அக்கா. "ஆமா, யாரு கேக்குறது? வீட்டப் பத்திக் கேக்காம வெளச்சலப் பத்திக் கேக்குறாங்கன்னா வெவரமான மனுஷங்கதான். யோசிக்காமப் பொண்ணக் குடுங்க தம்பி."

கொடுத்துவிட்டோம். சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால், இன்றைக்கும், உட்காருவதற்கு முன் ஒரு தடவை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வருகிறார்.